எஞ்சினிடம் பேசிய சகலைகள்

1

காலைப் பிரார்த்தனையில் கண்ணை மூடியிருந்தபோது இந்தக் கதை வந்தது. கடவுளிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக்கொண்டே முதல் வாக்கியத்தையும் யோசித்துவிட்டேன்.

"ராணுவ லாரிகள் கர்ஜிக்கும் அந்தப் பட்டறையில், விதி தன்…"

வேண்டாம். விதி அந்தப் பக்கம் வந்ததே இல்லை. வந்தவர்கள் இரண்டு சகலைகள். அக்காவைக் கட்டியவர் பெரியவர். தங்கையைக் கட்டியவன் நெட்டை. ஆள் உயர டீசல் எஞ்சின்களைப் பிரித்து மாட்டுவது வேலை. பதினோரு நாளாக இருவருக்கும் பேச்சு இல்லை.

2

காரணம் பெரிதாக இருக்கட்டுமே என்று சொத்துத் தகராறு ஒன்றை வைத்துப் பார்த்தேன். பெரியவருக்குப் பொருந்தவில்லை. நடந்தது இதுதான்: சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிறவர் என்று அவருக்குப் பெயர். அன்று காதைச் சாய்த்துக் கேட்டு, "மூணாவது சிலிண்டர்" என்றார். நெட்டை பிரித்துப் பார்த்து, "நாலு" என்றான். கூடவே சிரித்தான். (அந்தச் சிரிப்பை மூன்று முறை அடித்துவிட்டேன். மூன்று முறையும் திரும்ப வந்து சிரித்தான்.)

அன்றிலிருந்து இருவரும் எஞ்சினிடம் மட்டுமே பேசினார்கள்.

"சில பேருக்கு வாய் நீளம்டா ராஜா," என்பார் பெரியவர், வால்வைத் துடைத்தபடி.

"நீளமா இருந்தும் சில பேர் காதுக்கு எட்டலையே தங்கம்," என்பான் நெட்டை, எஞ்சினின் மறுபக்கத்திலிருந்து.

3

"பூட்டி முடிச்ச எஞ்சினை இன்னைக்கே ஓட்டிப் பாத்துடுங்க," என்றார் சூப்பர்வைசர் அம்மா.

பெரியவர் முப்பது லிட்டர் ஆயில் ஊற்றிவிட்டுக் கை கழுவப் போனார். நெட்டை வந்தான். "ஆயில் ஊத்தியாச்சா?" என்று ஒரு கேள்வி போதும். (அதை எழுதியே கையில் கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை.) புதிதாகப் பூட்டிய எஞ்சின், காலியாகத்தானே இருக்கும் என்று அவனும் முப்பது லிட்டர் ஊற்றினான்.

பெரியவர் ஸ்டார்ட் செய்தார். சத்தம் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. சாவியைத் திருப்பினார். நிற்கவில்லை.*

* டீசலை நிறுத்தினால் எஞ்சின் நிற்க வேண்டும். ஆனால் மிஞ்சிய ஆயில் காற்றுக் குழாய்க்குள் புகுந்துவிட்டால், அதையே குடித்துக்கொண்டு சிதறும்வரை ஓடும். மூச்சை அடைப்பது ஒன்றே வழி.

4

பட்டறையில் மற்ற எல்லோரும் வெளியே ஓடினார்கள். பெரியவர் ஒரு பலகையைத் தூக்கிக் காற்றுக் குழாயின் வாயில் வைத்து அழுத்தினார். ஒற்றை ஆள் பலம் போதவில்லை.

"யாராவது வந்து பிடிங்க," என்று கத்தினார், எஞ்சினைப் பார்த்து.

யாராவது என்று அங்கே மிச்சமிருந்தது ஒருவன்தான். அவனை வாசல்வரை ஓடவிட்டு ஒரு பத்தி எழுதியிருந்தேன், கிழித்துவிட்டேன். நெட்டை வந்து, பெரியவரின் கைமேலேயே தன் கையை வைத்து அழுத்தினான்.

எஞ்சின் திணறியது, குலுங்கியது, நின்றது.

5

முடிவு (அ): இருவரும் கட்டிப்பிடித்து… சே.

முடிவு (ஆ): நெட்டை மன்னிப்புக் கேட்கிறான். எழுதினேன். பெரியவர் காதில் விழாதது போல் நிற்கிறார்.

எஞ்சின் நின்று ஐந்து நிமிடமாகிறது. இருவரும் இன்னும் பலகையை விடவில்லை.

சூப்பர்வைசர் அம்மா எட்டிப் பார்க்கிறார். "அதான் நின்னுடுச்சே, இன்னும் எதுக்குப் பிடிச்சிட்டு இருக்கீங்க?"

"அவனை எடுக்கச் சொல்லுங்க."

"அவரை முதல்ல எடுக்கச் சொல்லுங்க."

'போதும்' என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னால் முடிந்தது. அதை நான் யார் வாயில் வைத்தாலும் என் சொல்லாகிவிடும். நீங்கள் யாரைச் சொல்ல வைப்பீர்களோ, உங்கள் இஷ்டம்.

அதற்குமுன் ஒன்று. நெட்டையின் கைக்கடியில் பெரியவரின் கை நசுங்கிக்கொண்டிருக்கிறது. உருவிக்கொள்ளலாம். உருவிக்கொள்ளவில்லை. சத்தியமாக, அது நான் எழுதியதல்ல.