அசையாம மட்டும் இருங்க

நீச்சல் குளத்தின் மிதவைக் கயிறுகளைக் கழற்றிச் சுருட்டும்போது விசில் எப்போதும் பாட்டுப் பாடுவான். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பாட்டு வரவில்லை. தண்ணீர் ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடந்தது. அடியில் பதித்த நீல ஓடுகளின் கோடுகள் வரை தெரிந்தன. பல வருஷமாக அவன் காவல் காக்கும் தண்ணீர் அது. நிறத்தைப் பார்த்தே குளோரின் கூடுதலா குறைவா என்று சொல்லிவிடுவான். இன்றைக்கு என்னவோ முதல் தடவை பார்ப்பவன் போல, எங்கே தரை வழுக்கும், எங்கே சரிவு தொடங்குகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றான். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனுடைய அக்கா அதற்குள் இறங்கப்போகிறாள்.

வீட்டில் வைத்த பெயர் அவனுடைய சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. விசில் என்பது குளத்துக்கு வரும் பிள்ளைகள் வைத்தது. ஓடாதே, தள்ளாதே, ஆழத்துப் பக்கம் போகாதே என்பதற்கெல்லாம் அவன் வாயைத் திறப்பதில்லை, ஊதுவான். பெயர் குளத்தோடு நிற்காமல் வீடு வரைக்கும் வந்துவிட்டது. அக்கா வீட்டுக்காரர் கூட, “விசில் வந்தாச்சு, எல்லாரும் ஓரமா நில்லுங்க” என்றுதான் அவனை வரவேற்பார்.

அக்காவின் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. டயர் கடைக்கு மேலே ஒரு மாடியில் கூடுகிறார்கள். ஜெபத்துக்கு நடுவில் கீழேயிருந்து புஸ்ஸென்று காற்று இறங்கும் சத்தம் வரும். யாரும் கண்ணைத் திறக்க மாட்டார்கள். முழுக்கு ஞானஸ்நானத்துக்கு அங்கே தொட்டி இல்லை என்பதால் வருஷத்துக்கு ஒரு முறை, குளம் திறப்பதற்கு முன்னால், அனுமதி வாங்கிக்கொண்டு இங்கே வருவார்கள். நிர்வாகம் போட்ட ஒரே நிபந்தனை, காவலுக்கு ஆள் இருக்க வேண்டும் என்பது. அந்த ஆள் விசில். சபைப் பக்கம் அவன் போவதை விட்டுப் பல காலம் ஆகிறது. கேட்டால், ஞாயிற்றுக்கிழமைதான் குளத்தில் கூட்டம் என்பான். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

அக்காவுக்கு இது மூன்றாவது தடவை. முதல் தடவை கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு மூன்றாம் படி வரை இறங்கினாள். தண்ணீர் முழங்காலைத் தொட்டது. திரும்பிவிட்டாள். அடுத்த வருஷமும் அதே படி, அதே திரும்பல். அதற்கப்புறம் பேச்சு வராமல் இருக்குமா? விசுவாசம் போதாது என்றார்கள். மனசுக்குள் எதையோ ஒளித்துவைத்திருக்கிறாள், அதுதான் இறங்க விடவில்லை என்றார் சபையின் கணக்குப் பார்க்கிற பெரியவர். போதகர் நல்ல மனிதர். தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்துவிடுகிறேன், ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று வீட்டுக்கே வந்து சொல்லிப் பார்த்தார். அக்கா காபி கொடுத்து, நன்றி சொல்லி, வாசல் வரை வந்து அனுப்பிவைத்தாள்.

காரணம் விசிலுக்குத் தெரியும். சின்ன வயதில், கல் உடைத்துவிட்டுப் போன பள்ளத்தில் மழைத் தண்ணீர் நிறைந்திருந்தபோது, விளிம்பில் நின்ற அக்கா சறுக்கி உள்ளே போனாள். ஜடையைப் பிடித்து இழுத்து வந்தவன் அவன். அவளைவிடச் சின்னவன், அப்போது நீச்சலும் அரைகுறை. அம்மா கண்ணை மூடும்வரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “இவன் இல்லன்னா இவ இல்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தையைச் சாப்பிட்டுத்தான் அவன் வளர்ந்தான் என்று சொல்ல வேண்டும். படிப்பு ஏறவில்லை. வேறு எதிலும் பெரிதாக வரவில்லை. ஆனால் ஓர் உயிரைத் தூக்கியவன். இந்த வேலைக்கு அவன் வந்ததே அந்தப் பெருமை பிடித்துத் தள்ளித்தான். அக்காவோ அன்று முதல் முகத்தைத் தண்ணீருக்குள் விட்டதில்லை. தலைக்குக் குளித்தாலும் நெற்றிக்குக் கீழே ஒரு சொட்டு இறங்காமல் பின்னால் சாய்ந்துதான் ஊற்றிக்கொள்வாள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவளுக்கு. மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க, இப்ப விடுங்க என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை சொல்லிச் சொல்லி, அந்தக் குரல் தனியாக ஒரு குரலாகவே ஆகிவிட்டது. அவசரமில்லாத குரல், மறுக்க முடியாத குரல். வீட்டில் வாக்குவாதம் வந்தால் மாமா கையைத் தூக்கிக்கொண்டு, “மூச்சைப் பிடிச்சே வெச்சிருக்கேன், விடட்டுமா?” என்று கேட்பார்.

போன வருஷம் திரும்பி வந்த பிறகு, நீச்சல் கற்றுத் தருகிறேன் என்று விசில் ஆரம்பித்தான். முதலில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து மூக்கு நுனியை நனைக்கச் சொன்னான். நனைத்தாள். கண் வரைக்கும் என்றான். பாத்திரம் கவிழ்ந்தது, சமையலறை நனைந்தது, மாமா துடைத்தார். சில வாரம் இப்படியே போனது. அவன் சலித்துப்போய், இனிமேல் இந்தப் பேச்சே வேண்டாம் என்று இருந்துவிட்டான். அப்படியிருக்கும்போதுதான் போன வாரம் அக்கா வேலை முடிந்து நேராகக் குளத்துக்கு வந்து, அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை இறங்கப்போகிறேன் என்றாள்.

“பயம் போயிடுச்சா?”

“எங்கடா போகும். அது அப்படியேதான் இருக்கு.”

அப்புறம் நடந்ததைச் சொன்னாள். லாரி ஓட்டுகிறவர் ஒருவர் வந்திருக்கிறார். ஆள் கதவு மாதிரி அகலம். மெஷினுக்குக் கீழே படுக்க வைத்ததும் உடம்பு நடுங்கி, எடுத்த படமெல்லாம் கலங்கிப் போயிருக்கிறது. பயப்படாதீங்க என்று எத்தனை தடவை சொல்லியும் பலனில்லை. கடைசியில் இவள், “பயம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும்ணே, அது போகணும்னு நான் கேக்கல. அசையாம மட்டும் இருங்க” என்று சொன்னாளாம். அந்த மனிதர் இருந்தார். படம் சுத்தமாக விழுந்தது. இவள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“ரெண்டு வருஷமா நான் என்ன ஜெபம் பண்ணேன் தெரியுமா? பயத்தை எடுத்துப் போடும் ஆண்டவரே, எடுத்துப் போட்டா இறங்குறேன்னு. பதிலே இல்ல. அன்னைக்கு அந்த வார்த்தை என் வாயிலதான் வந்துச்சு. ஆனா எனக்குத்தான் சொன்ன மாதிரி இருந்துச்சுடா.”

விசிலுக்குச் சிரிப்பும் வந்தது, ஏதோ பொறாமை மாதிரியும் வந்தது. சரி இறங்கு, எதுவானாலும் நான் இருக்கேன் என்றான். அக்கா தலையை ஆட்டவில்லை.

“அதைச் சொல்லத்தான் வந்தேன். நீ குதிக்கக் கூடாது.”

“என்ன விளையாடுறியா? அதுதான் என் வேலையே.”

“மத்தவங்களுக்குக் குதி. அந்தப் பள்ளத்திலேருந்து இன்னைக்கு வரைக்கும் தண்ணின்னா நான் உன்னைத்தான் நம்புறேன். நீ குதிப்பேன்னு தெரிஞ்சு இறங்கினா, உன்னை நம்பி இறங்கினதாத்தான் ஆகும். நான் ஆண்டவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேனா இல்லையான்னு எனக்கே எப்படிடா தெரியும்?”

அவன் குளத்தைப் பார்த்தான். ஆழம் குறைந்த பக்கத்தில் ஒரு பிள்ளை குப்புற மிதந்து விளையாடிக்கொண்டிருந்தது. ஊதினான். பிள்ளை நிமிர்ந்தது. “சரி” என்றான், அவளைப் பார்க்காமல்.

இப்போது சபையார் வந்துவிட்டார்கள். இருபது பேர் இருப்பார்கள். மாமா துவாலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தானே முழுகப்போகிறவர் மாதிரி வெளிறிப்போய் நின்றார். சபையில் தையல் வேலை பார்க்கிற அம்மாள், போதகரின் வெள்ளை அங்கியின் ஓரத்தைக் கடைசியாக ஒரு முறை தடவிப் பார்த்தாள். போன வருஷம் போதகர் இறங்கியதும் அங்கி காற்று நிரம்பிக் குடை மாதிரி மேலே எழும்பி, வாலிபர்கள் பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அந்த அவமானம் மறுபடி வரக் கூடாது என்று, திரைச்சீலை பறக்காமலிருக்க அடியில் வைத்துத் தைக்கும் ஈய வில்லைகளை வாங்கி, அங்கியின் ஓரம் முழுக்க நெருக்கித் தைத்திருந்தாள். அக்காவின் அங்கியிலும் வைத்திருந்தாள். போதகருக்கு அதைவிட ரெண்டு மடங்கு. போதகர் நடந்தபோது படிக்கட்டில் சின்னச் சின்னதாய்ச் சத்தம் கேட்டது.

விசில் உயரமான நாற்காலியில் ஏறவில்லை. விளிம்பிலேயே நின்றான். போதகர் முதலில் இறங்கி, மார்பளவுத் தண்ணீரில் நின்று கையை நீட்டினார். எல்லாரும் மெல்லப் பாடத் தொடங்கினார்கள்.

அக்கா கம்பியைப் பிடித்தாள். ஒரு படி. இன்னொன்று. மூன்றாம் படியில் நின்றாள். பாட்டு ஒரு சுற்று முடிந்து மறுபடி தொடங்கியது. அவள் கை கம்பியில் நடுங்குவது நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. கணக்குப் பார்க்கிற பெரியவர் பெருமூச்சு விட்டது கேட்டது. போதும்க்கா, ஏறி வந்துடு என்று விசிலின் நாக்கு நுனி வரை வந்தது. அவள் உதடு அசைந்தது. யாரிடமோ ஏதோ கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பவள் மாதிரி நின்றாள். நடுக்கம் நிற்கவில்லை. நடுங்கிக்கொண்டிருந்த அதே கையைக் கம்பியிலிருந்து எடுத்தாள். இறங்கினாள்.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. போதகர் அவள் கைகளை மார்பில் குறுக்காக வைத்து, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொல்லி முடித்து, பின்னால் சாய்த்தார். சாய்க்கும்போது ஊன்றுவதற்காக ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தார். அந்தக் கால், வில்லைகளின் கனத்தில் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்த அவருடைய அங்கி ஓரத்தின் மேலேயே விழுந்தது. அடுத்த நொடி மேலே இரண்டு பேரும் இல்லை.

பாட்டு அறுந்தது. மாமா கையிலிருந்த துவாலை கீழே விழுந்தது. விசிலின் கால்விரல்கள் விளிம்பை மடக்கிப் பிடித்துவிட்டன, முழங்கால் வளைந்துவிட்டது, உடம்பு பாதி கிளம்பிவிட்டது. விசில் பல்லுக்கு நடுவில் இருந்தது. நூறு தடவை யாருக்கெல்லாமோ குதித்த உடம்பு அது, அதற்கு யோசிக்கத் தெரியாது. யோசித்தது அவன்தான். குனிந்து தண்ணீருக்குள் பார்த்தான். அங்கிகள் கலைந்து வெள்ளையாகப் புரண்டதற்கு நடுவில் அக்காவின் முகம் தெரிந்தது. கண்கள் திறந்திருந்தன. கைகள் வைத்த இடத்தில், மார்பின் மேல் அப்படியே இருந்தன. அவள் அசையவில்லை.

அவனும் அசையவில்லை.

பிறகு அவள் காலை ஊன்றி எழுந்தாள். முடியிலிருந்து, இமையிலிருந்து, மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் கொட்டியது. முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. திரும்பினாள், துழாவினாள், தன் அங்கியிலேயே சிக்கிப் புரண்டுகொண்டிருந்த போதகரை முழங்கையில் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். அவர் தண்ணீர் குடித்திருந்தார். கண் பிதுங்க இருமினார், மறுபடி வழுக்கப் பார்த்தார். அக்கா அவர் முதுகில் ஒரு கையை வைத்தாள்.

“மூச்சை இழுங்க ஐயா. பிடிங்க.” போதகர் பிடித்தார். “அசையாம இருங்க. இப்ப விடுங்க.”

விட்டார். குளம் முழுக்க அந்த எக்ஸ்ரே அறைக் குரல் எதிரொலித்தது. மாமாதான் முதலில் சிரித்தார், அழுதுகொண்டே சிரித்தார். கணக்குப் பார்க்கிற பெரியவர் விளிம்புக்கு வந்து, வார்த்தைகளைச் சொல்லி முடித்த பிறகா விழுந்தீர்கள், அதற்கு முன்பா என்று கவலையோடு விசாரித்தார். “முழுசா சொல்லிட்டுத்தான்யா விழுந்தேன்” என்றார் போதகர், மூக்கில் தண்ணீர் வழிய. “அவங்க முழுகினாங்க, நான் மூழ்கினேன். ரெண்டுக்கும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.”

தையற்காரம்மாள் வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

அக்கா போதகரை முன்னால் ஏற்றிவிட்டுப் படியேறி வந்தாள். விசில் கை நீட்டினான். வேண்டியதில்லை என்று இருவருக்கும் தெரிந்தது, ஆனாலும் பிடித்துக்கொண்டாள். அவள் கை இன்னமும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

“தரை இருந்துச்சுடா” என்றாள். “அன்னைக்குப் பள்ளத்துல கால் எங்க வெச்சாலும் தரையே இல்ல. இன்னைக்கு வெச்சேன், இருந்துச்சு.”

குளத்தில் தரை எப்போதும் இருக்கிறது, அதை அவனே அவளுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். பல்லுக்கு நடுவிலிருந்த விசிலை எடுத்தான். கடித்த தடம் அதில் பதிந்திருந்தது.

அவர்கள் ஈரக் காலடிகளோடு பாடிக்கொண்டே போனார்கள். கதவு வரைக்கும் மாமா அவள் தலையைத் துவட்டிக்கொண்டே நடந்தார். டிக்கெட் கொடுக்கிற பெண் வந்து ஜன்னலைத் திறந்து, ஏன் கண் சிவந்திருக்கிறது என்று விசிலைக் கேட்டாள். குளோரின் என்றான். கொஞ்ச தூரம் போனவன் நின்று திரும்பி வந்தான்.

“இப்ப வெள்ளை டிரஸ்ல போச்சே, பாத்தீங்களா? எங்க அக்கா.”

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொரு தடவை, “எங்க அக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளத்துக்கு வந்தான்.

தண்ணீர் மறுபடி அடங்கியிருந்தது. ஆழம் குறைந்த பக்கத்தில், அவள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், நீல ஓட்டின் மேல் ஏதோ மங்கலாக மினுங்கியது. அங்கியிலிருந்து பிரிந்து விழுந்த ஒரு ஈய வில்லை. திறப்பதற்கு முன்னால் அடியில் எதுவும் கிடக்கக் கூடாது என்பது விதி. வழக்கமாக இதற்கெல்லாம் விளிம்பிலிருந்து தலைகீழாகப் பாய்ந்து, ஒரே மூச்சில் எடுத்துவிட்டு வருவான்.

சட்டையைக் கழற்றிவைத்தான். வெளியே பிள்ளைகளின் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. படிக்கட்டுப் பக்கம் போய், கைப்பிடிக் கம்பியைப் பிடித்தான். அது இன்னும் ஈரமாக இருந்தது. ஒரு படி இறங்கினான். இன்னொன்று. அக்கா நின்ற அதே மூன்றாம் படியில், தண்ணீர் முழங்காலைத் தொட்டதும், நின்றான்.