ஐந்நூறு மணி நேரம்

1

மருந்தாளுநர் உரிமத்தைப் புதுப்பிக்கும் படிவத்தில் ‘பயிற்சி பெற்ற இடம்’ என்றொரு கட்டம் உண்டு. அதை நிரப்பப் போய்த்தான் இந்தக் கதையில் மாட்டிக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: ‘இருமல் மருந்தும் அட்டைப்பெட்டியும் கலந்த அந்த வாசனை…’

(வேண்டாம். வாசனையில் தொடங்காத பழங்கதை உண்டா?)

2

நேராகவே சொல்கிறேன். படிப்பு முடிந்ததும், உரிமம் பெறுவதற்கு முன், ஒரு மருந்துக் கடையில் ஐந்நூறு மணி நேரம் பயிற்சி எடுக்க வேண்டும். கடைக்காரர் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நானும் என் தோழியும் ஒரே கடையில் சேர்ந்தோம். மருந்துப் பெயர்களை அவள் பாட்டாகப் பாடித்தான் மனப்பாடம் செய்வாள். வகுப்பில் அவள் பெயர் ரேடியோ. மதியம் கூட்டம் ஓய்ந்ததும் ஒரே டப்பாவில் சாப்பிட்டபடி மாறி மாறிக் கேள்வி கேட்டுக்கொள்வோம். அப்படிச் சிரித்த நாட்கள் பிறகு வாய்க்கவில்லை.

(கடைக்காரரைக் கொடுமைக்காரராக எழுதிப் பார்த்தேன். பொய். எங்களுக்குக் கால் வலிக்குமென்று அவரே இரண்டு முக்காலி வாங்கிப் போட்டவர்.)

3

கடைசி வாரம். ஒரு பெரியவருக்கு இரத்த அழுத்த மாத்திரை. ரேடியோ தவறுதலாக இரு மடங்கு வீரியமுள்ள

[அடித்துவிட்டேன். அலமாரியிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்தது நான். மூன்று வரைவுகளில் அவள் தலையில் கட்டிவிட்டேன்.]

பெரியவர் போன பிறகு, அவள்தான் கண்டுபிடித்தாள்.

“சார், மாத்திரை மாறிப்போச்சு.”

“எடுத்தது யாரு?”

நான் அலமாரிப் பெட்டிகளை நேராக்கத் தொடங்கினேன்.

“கவர்ல போட்டுக் கொடுத்தது நான்தான் சார். சீட்டுல முகவரி இருக்கு, மாத்திக் கொடுத்துட்டு வந்துடறேன்.”

ஓடினாள். நல்லவேளை, பெரியவர் உறையைப் பிரித்திருக்கவில்லை.

சனிக்கிழமை என் பதிவேட்டில் கையெழுத்து விழுந்தது. அவளிடம் கடைக்காரர், “இன்னும் மூணு மாசம் பழகும்மா, உன் நல்லதுக்குத்தான்” என்றார்.

தெருவில் இறங்கியதும் கேட்டேன்: “என் பேரை ஏன்டி சொல்லல?”

“நீயே சொல்வேன்னு பாத்தேன்.”

4

முடிவு ஒன்று: மறுநாள் போய் உண்மையைச் சொன்னேன். (போகவில்லை. இருவரும் விண்ணப்பித்திருந்த மருத்துவமனை வேலையில் நான் மட்டும் சேர்ந்தேன்.)

முடிவு இரண்டு: எங்கள் நட்பு முறிந்தது. (அதுவும் இல்லை. அவள் உரிமம் வாங்கிய அன்று முதலில் கூப்பிட்டது என்னைத்தான். அரை மணி நேரம் பேசினோம். அதைப் பற்றி மட்டும் பேசவில்லை.)

கடைக்காரருக்கு இப்போது எண்பது வயது, காது மந்தம். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ரேடியோ இருப்பது வேறு ஊர். ஐந்து மணி நேரப் பயணம். நாளை எனக்கு விடுமுறை.

நீங்களே சொல்லுங்கள், முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?