கழன்று வந்த உறை

இப்போது எவனும் சாமானைக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. போனில் படத்தைப் பார்க்கிறான், வாங்கிவிடுகிறான். போச்சம்பள்ளி கம்பெனியில் என்னோடு வயரிங் வேலை பார்த்த சுரேந்தரும் கட்டிங் பிளேயரை அப்படித்தான் வாங்கினான். கரண்ட் ஓடும் பெட்டியில் வயரை இழுத்தபோது கைப்பிடி உறை கழன்று வந்துவிட்டது. அங்கேயே போய்விட்டான். காரியத்துக்குப் போனேன். அழுகை வரவில்லை. இலை போட்டார்கள், சாப்பிட்டேன்.

நாளைக்கு அதே பெட்டியில் மீதி வேலை எனக்கு. மெயினை அணைத்தால் மிஷின் நின்றுவிடும், அணைக்கக் கூடாது என்கிறான் சூப்பர்வைசர். என் பிளேயரின் உறையும் வெடித்துக் கிடக்கிறது. அதனால்தான் ஓசூரில் பிரவீனாவின் டூல்ஸ் கடைக்குப் போனேன்.

"ஆயிரம் வோல்ட்டு தாங்கும் பெரியவரே. கைப்பிடியிலேயே போட்டிருக்குது பாருங்க."

"செத்தவன் வாங்குனதுலயும் அதேதாம்மா போட்டிருந்துச்சு."

அவள் நீட்டிய பிளேயரின் உறையைப் பிடித்து முறுக்கினேன். தனியாகச் சுற்றியது. வேறொன்று எடுத்துக் கொடுத்தாள், விலை மூன்று மடங்கு. முறுக்கினேன், அசையவில்லை. உறை முடிகிற இடத்தில் நகத்தை விட்டுப் பார்த்தேன், இடைவெளி இல்லை.

"பொண்ணு பாக்க வர்றவங்ககூட இவ்வளவு பாக்க மாட்டாங்க. இதுல என்னங்க குறை?"

"குறை ஒண்ணும் தெரியல. அவனுக்கும் தெரியலதான்."

"அப்போ நாளைக்கு எதை நம்பிக் கைய வெப்பீங்க?"

"மெயினை அணைச்சாத்தான் வெப்பேன். மிஷினை நிறுத்த முடியாதுன்னா அந்த சூப்பர்வைசரே வந்து வெக்கட்டும்."

பிளேயரை மேசைமேல் வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தேன்.

"நல்ல சரக்குங்க!" என்றாள் பின்னாலிருந்து.

இருக்கலாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை.