பத்துக்குப் பதினொன்று

டேப்பின் முனையைக் கிழக்குச் சுவரில் நல்லகண்ணு அண்ணன் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அதை இழுத்துக்கொண்டு மேற்குச் சுவருக்குப் போனேன். முட்டிய இடத்தில் குனிந்து பார்த்தால் ஒன்பதடி. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். ஒன்பதுதான். ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"அண்ணே, சுவத்தோட ஒட்டித்தான பிடிச்சிருக்கீக?"

"பிடிச்சிருக்கேன்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கட்டிலை நகர்த்திவிட்டு ஜன்னலோரம் ஒருமுறை, கதவோரம் ஒருமுறை அளந்தேன். எங்கே வைத்தாலும் அதே ஒன்பது. நீளவாக்கில் மட்டும் சொன்னது சொன்னபடி பதினொன்று இருந்தது. வீடு கட்டி மூன்று வருஷமாக அந்த அறைக்குப் பெயரே 'பத்துக்குப் பதினொன்று'தான். கிரகப்பிரவேசத்தன்று எல்லோருக்கும் காட்டியபோது நானும் கூட்டத்தில் இருந்தேன். "இது நம்ம விஜயபாண்டி ரூமு, பத்துக்குப் பதினொன்னு" என்று அண்ணன் சொன்னார். அவர் பையன் வெட்கப்பட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றான்.

அடுப்படியிலிருந்து பெத்தம்மாள் மதினியின் குரல் வந்தது. "எத்தன அடி இருக்கு முருகேசு?"

அண்ணன் இப்போதுதான் என்னைப் பார்த்தார். தலையை ஆட்டக்கூட இல்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து மதினி" என்றேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில் மனையடிக் கணக்கு போட்டிருப்பார்கள். அறையின் உள் அளவு எட்டடியானால் நல்லது, பத்து நல்லது, பதினொன்று நல்லது, பதினாறு ரொம்ப நல்லது. ஒன்பதுக்கு நேரே 'ஆயுள் குறையும்' என்று இருக்கும். எங்கள் பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் இன்ஜினியரை நம்பினாலும் நம்பாவிட்டாலும் அந்தப் பக்கத்தை நம்புவார்கள். தை மாதம் கிரகப்பிரவேசம். ஐந்தே மாதம் கழித்து ஆனியில், மதுரையில் செல்போன் கடை வேலை முடிந்து பைக்கில் வந்த விஜயபாண்டி, காரியாபட்டி தாண்டி நின்றிருந்த ஒரு லாரியின் பின்னால் மோதினான். லாரிக்குப் பின்விளக்கு இல்லை. அவனுக்கு இருபத்துமூன்று வயது. என்னை அத்தை என்று கூப்பிடுவான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பதினான்கு வருஷம் நூல்மில்லில் நின்றவள். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, மாடிப்படி ஏறினால் விசில் சத்தம் வர ஆரம்பித்தது. இனி மில்லுக்குள் போனால் என்னிடம் வராதே என்று டாக்டர் கோபமாகச் சொல்லிவிட்டார். வீட்டில் சும்மா உட்கார்ந்து செல்போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒருநாள் இன்டீரியர் டிசைன் வகுப்பு கண்ணில் பட்டது. ஆறு மாதம், தமிழிலேயே, வீட்டிலிருந்தே. மில்லில் சேருவதற்கு முன் பத்தாம் வகுப்பில் ஜாமெட்ரியில் நான் தொண்ணூற்றெட்டு வாங்கியவள் என்பது அப்போதுதான் எனக்கே ஞாபகம் வந்தது. "உள்ள இருக்கிறத எதுக்கு வரையணும்? அதான் இருக்கில்ல" என்று என் வீட்டுக்காரர் உக்கிரபாண்டி சிரித்தார். ஆனாலும் சாயங்காலம் ஏழு மணிக்கு வகுப்பு தொடங்கினால் டிவி சத்தத்தை அவராகவே குறைத்துவிடுவார்.

வகுப்பில் இருபத்தாறு பேர். எல்லோரும் என் மகள் வயது, பாடம் எடுக்கும் ஷஹீனா மேடம் உட்பட. கோயம்புத்தூர்ப் பெண். முதல் பாடமாக அவரவர் வீட்டு ஹாலை அளந்து வரையச் சொன்னார். நானும் வரைந்து அனுப்பினேன். "சுவரோரமா எட்டு வட்டம் போட்டிருக்கீங்களே, ஸ்டூலுங்களா அக்கா?" என்று கேட்டார். தண்ணீர் டிரம் என்றேன். ஹாலில் எதற்கு எட்டு டிரம் என்றார். எங்களுக்குத் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை வந்தால் திருவிழா என்று சொன்னேன். "அப்ப அதுக்கும் இடம் வெச்சுத்தான் டிசைன் பண்ணணுங்க" என்றார். அன்றிலிருந்து அந்தப் பெண் மேல் எனக்கு மரியாதை. அவர் வாரம் தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "சொன்ன அளவ நம்பாதீங்க, டேப்ப நம்புங்க."

கடைசிப் பரீட்சை என்பது நிஜமான ஒரு ஆளுக்கு, நிஜமான ஒரு அறையை மாற்றி வரைந்து, அந்த ஆளின் கையெழுத்தை வாங்கி அனுப்புவது. அதில் தேறினால் மதுரையில் கிச்சன் கப்போர்டு செய்து தரும் ஒரு கடையில் வேலைக்குச் சொல்லிவிடுவதாக மேடம் சொல்லியிருந்தார். உட்கார்ந்து பார்க்கும் வேலை, தூசி இல்லாத வேலை. முப்பத்தெட்டு வயதில் எனக்கு இன்னொரு கதவு திறக்குமென்றால் அது இதுதான். ஆனால் பாலவனத்தத்தில் எவர் வீட்டுக்குப் போய் உங்கள் அறையை மாற்றித் தருகிறேன் என்று நிற்பது? வெள்ளையடிப்பதையே பொங்கலுக்குப் பொங்கல் தள்ளிப்போடுகிற ஊர் இது.

பெத்தம்மாள் மதினிதான் அவளாக வந்தாள். ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கிறவள். கழுத்தில் இஞ்ச் டேப்பு எந்நேரமும் மாலையாகக் கிடக்கும். என் ஜாக்கெட்டைக் கொடுக்க வந்தவள், கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"நீ ரூமெல்லாம் மாத்துறதுக்குப் படிக்கிறியாம்ல?"

"ஆமா மதினி."

"அவன் ரூம வேற ரூமாட்டம் ஆக்கித் தாயேன். பூட்டவும் முடியல, தொறந்து வைக்கவும் முடியல. காலையில கூட்டப் போனா, படுத்திருக்கானேன்னு சத்தமில்லாமக் கூட்டுறேன். கடைசியில பாத்தா வெறும் கட்டில்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. வகுப்பில் கொடுத்த கேள்வித்தாளை வைத்துக்கொண்டு அவளோடு பேசி வீடியோவும் எடுத்தேன். இந்த அறையில் என்ன செய்ய விரும்புகிறீர்கள், எந்த நேரம் வெளிச்சம் வேண்டும், எதைப் பார்த்தபடி உட்கார விரும்புகிறீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னாள். "எதுவா வேணாலும் ஆக்கு. அவன் படுத்திருந்த எடம் தெரியக்கூடாது, அவ்வளவுதான்."

அப்படித்தான் அன்றைக்கு அளக்கப் போனதும், பத்து என்று பொய் சொன்னதும். காபி குடித்துவிட்டுக் கிளம்பியபோது நல்லகண்ணு அண்ணன் தெருமுக்கு வரை கூடவே வந்தார்.

"கொத்தனாரு நூல் பிடிச்சதுல பிசகிப்போச்சுத்தா. வாசக்கால் வச்சு பூசையும் போட்ட பெறகுதான் தெரிஞ்சது. பிரிச்சுக் கட்டுறேன்னான். பூசை போட்ட சுவத்தப் பிரிக்கிறது அதவிட ஆகாதேன்னு நாந்தான் வேண்டாம்னேன். பத்துன்னே வச்சுக்குவோம்னேன். வச்சுக்கிட்டோம்."

"சுவருக்கும் லாரிக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

"ஒண்ணுமில்லதான். எனக்கும் தெரியுது." செருப்பால் மண்ணைத் தள்ளிக்கொண்டே நின்றார். "அவளுக்குத் தெரிஞ்சா நீதான் கொன்னேன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டா. சொல்லாமயே கூட இருப்பா. அதத்தான் என்னால தாங்க முடியாது."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என் பழைய படத்தைத் தேடி எடுத்து எங்கள் ஹாலின் அளவைப் பார்த்தேன். பதினொன்று. அப்பாடா என்றிருந்தது. மறு நிமிஷமே வெட்கமாகவும் இருந்தது. நம்பிக்கை இல்லாதவள் எதற்குப் போய்ப் பார்த்தேன்? மூன்று வருஷமாக அந்த மனுஷர் ஒவ்வொரு நாளும் அந்த அறையைத் தாண்டித்தானே குளிக்கப் போகிறார் என்று நினைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆசையாக வரைந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கட்டிலை எடுத்துவிட்டேன். அது கிடந்த இடத்தில் துணி வைக்க அடியிலிருந்து மேல்வரை அலமாரி. ஜன்னலுக்குக் கீழே தையல் மிஷின். அங்கிருந்து பார்த்தால் ரோடும் அதற்கப்பால் கருவேலங்காடும் தெரியும். வெட்டுவதற்கு ஒரு நீளமான மேசை. வகுப்பு வழக்கப்படி அளவையெல்லாம் மில்லிமீட்டரில் போட்டேன். அகலம் 2743. இதில் ஒன்பது எங்கே இருக்கிறது என்று யார் கண்டுபிடிக்க முடியும்? பாம்பும் சாகாமல் கம்பும் ஒடியாமல் காரியம் முடிந்ததென்று இருந்தேன்.

மதினி தாளை வாங்கி மடியில் விரித்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். அண்ணன் எதிர் நாற்காலியில் இருந்தார்.

"கட்டில் எங்க?"

"எடுத்தாச்சு மதினி. நீங்கதான சொன்னீக."

"ஆமா, சொன்னேன்." அலமாரி வரைந்திருந்த இடத்தை விரலால் தடவினாள். பிறகு ஓரத்திலிருந்த எண்ணில் விரல் நின்றது. "இது என்ன கணக்கு?"

"மில்லிமீட்டரு."

"ஜாக்கெட்டுக்கு இஞ்சு. வீட்டுக்கு அடி. எனக்குப் புரியிறாப்ல அடியில எழுதிக் குடு, கையெழுத்துப் போடுறேன்."

பேனா என் கையில் இருந்தது. அண்ணன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். 2743க்குப் பக்கத்தில் 10 அடி என்று எழுதினேன். மதினி படித்துப் பார்த்து, ந.பெத்தம்மாள் என்று ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள்.

தாள் ஒரே நாளில் திரும்பி வந்துவிட்டது. ஷஹீனா மேடம் போனில் கூப்பிட்டார். "அக்கா, பத்தடின்னா 3048ங்க. நீங்க 2743னு போட்டிருக்கீங்க, படமும் ஒன்பதடிக்குத்தான் இருக்கு. வகுப்புலயே நல்லா வரையறவங்க நீங்க, நீங்க போய் இப்படிப் பண்ணலாமா?"

மறைக்கத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"பாவமாத்தான் இருக்குதுங்க. ஆனா இந்தத் தாள நம்பி ஆசாரி பத்தடிக்குப் பலகை அறுத்துட்டு வந்து நின்னா யாருங்க பொறுப்பு? கையெழுத்துப் போட்ட தாள்ல தப்பான அளவு இருந்தா என்னால பாஸ் போட முடியாதுங்க அக்கா. வெள்ளிக்கிழமைக்குள்ள அவங்க கையெழுத்தோட சரியான தாள் அனுப்பிடுங்க."

அந்தப் பெண் சொன்னதில் ஒரு குற்றம் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. வேறு வீடு பிடித்து அளந்து வரைய நாள் இல்லை. அண்ணனைக் கையெழுத்துப் போடச் சொல்லலாமென்றால் வீடியோவில் பேசியவள் மதினி. இரண்டு நாள் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நெஞ்சில் விசில் சத்தம் கேட்கிற ஒவ்வொரு தடவையும் மதுரைக் கடை ஞாபகம் வந்தது. அடுத்தவள் துக்கத்துக்கு நான் எதற்கு என் பிழைப்பைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது. வியாழக்கிழமை சாயங்காலம் புதுத் தாளில் ஒன்பதடி என்று எழுதிவிட்டு மதினிக்குப் போன் போட்டேன்.

"மதினி, காலையில வாரேன். இன்னொரு கையெழுத்து வேணும். அளவுல சின்ன மாத்தம்."

பின்னால் மிஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"அளவுலயா?"

"ஆமா மதினி."

"சரி. வா."

வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது அண்ணன் வீட்டில் இல்லை. உரம் வாங்க அருப்புக்கோட்டைக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கதவு திறந்துதான் கிடந்தது. கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனேன். மதினி அந்த அறையில் இருந்தாள். கட்டிலை ஓரமாகத் தள்ளிவிட்டு, சேலையை முட்டிவரை ஏற்றிச் செருகிக்கொண்டு தரையில் மண்டியிட்டிருந்தாள். கையில் விஜயபாண்டியின் ஒற்றைச் செருப்பு. பழுப்பு நிறத்தில் வார் வைத்தது. கட்டிலுக்கடியில் அப்படியே கிடந்ததை நானே அளக்க வந்த அன்று பார்த்திருக்கிறேன். செருப்பைத் தரையில் வைத்து, முனையில் தையல் சாக்கட்டியால் கோடு கிழித்து, கோட்டில் குதியை வைத்து மறுபடியும் கோடு கிழித்துக்கொண்டு வந்தாள். கிழக்குச் சுவரிலிருந்து வெள்ளைக் கோடுகள் வரிசையாக வந்திருந்தன.

கழுத்தில் இஞ்ச் டேப்பு இல்லை. அதைச் சுருட்டிக் கட்டில்மேல் வைத்திருந்தாள்.

"எட்டு" என்றாள். நான் வாசலில் நின்றது அவளுக்குத் தெரிந்திருந்தது. தலையைத் தூக்கவில்லை. "ஒம்பது."

ஒன்பதாவது கோட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடம் எனக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. மில்லிலும் வகுப்பிலும் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். செருப்பைவிட அது இரண்டு விரற்கடை குறைச்சல். "மதினி" என்று கூப்பிட்டேன்.

அவள் செருப்பின் குதியைக் கோட்டில் வைத்தாள். முனை சுவரில் இடித்தது. சற்று நேரம் அதையே பார்த்தாள். பிறகு இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்தினாள். செருப்பின் முனை மடங்கிச் சுவரில் மேல்நோக்கி ஏறியது.

"பத்து" என்றாள். "பாத்துக்கிட்டியா? பத்துத்தான் இருக்கு. என் மவன் காலுக்குப் பத்து." மூச்சு வாங்கியது அவளுக்கு. "எங்க கையெழுத்துப் போடணும், கொண்டா."

சுருட்டிய தாள் என் கையில் வியர்த்திருந்தது. அதை வாங்க அவள் ஒரு கையை மட்டும் என் பக்கம் நீட்டினாள். இன்னொரு கையை எடுக்கவில்லை. எடுத்தால் செருப்பு நிமிர்ந்துவிடும்.