சொல்லிக்கொள்ளாமல் போனவர்

குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருக்கிறான் ஜின்ஹோ, பந்தலில் அத்தனை கண்ணும் அவன் விரல்மேல், வாயைத் திறக்காமல் போய்விடு சாமி, வகுப்பில் நடத்திய கதையில் அந்த மனிதர் போனதுபோல, என்று மனசுக்குள் கெஞ்சுகிறாள் திலகவதி, கொரியாக்காரனுக்குத் தமிழ் சொல்லித்தர வந்தவள் சாவு வீட்டு வாசலில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், கம்பெனி நடத்தச் சொன்னதெல்லாம் ஷிப்டு, மெஷின், லீவு, அவ்வளவுதான், வெறும் வார்த்தையை வைத்துக்கொண்டு மனுஷரைப் புரிந்துகொள்ள முடியுமா என்று ஒரு சிறுகதையை வகுப்புக்குக் கொண்டுபோனாள், வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள், அந்த அறையின் ஏசிக் குளிர் இப்போதும் காலில் ஏறுகிறது, கதையில் ஒருவர் நண்பனின் சாவுக்கு வருகிறார், அழுகிறார், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நடந்துவிடுகிறார், இது மரியாதை இல்லையே டீச்சர் என்கிறான் ஜின்ஹோ, அவள் சிரிக்கிறாள், சாவு வீட்டுல போயிட்டு வரேன்னு சொல்லக்கூடாது சார், இன்னொரு சாவைக் கூப்பிட்ட மாதிரி ஆயிடும், சரி, அவர் அப்புறம் அந்த வீட்டுக்கு வந்தாரா டீச்சர், இல்ல சார், கதை அங்கேயே முடிஞ்சிடுது.

மெஷினில் சிக்கிய லோகநாதனின் கதையும் முடிந்தது, ஜின்ஹோவின் கீழ் வேலை பார்த்த பையன், பெரிய அதிகாரிகளெல்லாம் அடி விழும் என்று பதுங்கிக்கொள்ள, நான் போறேன் என்று கிளம்பியது இவன் ஒருவன்தான், பேச்சுத் துணைக்கு இவள், வந்ததிலிருந்து லோகநாதனின் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், இதோ லேஸ் கட்டியாயிற்று, ஜின்ஹோ நிமிர்கிறான், மாலை போட்ட படத்தின் கீழே சுருண்டு கிடக்கும் தாயைப் பார்க்கிறான், போயிட்டு வரேம்மா என்கிறான், தெளிவாக, திலகவதி பழக்கிய அதே உச்சரிப்பில், அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுகிறான், தெரியாம சொல்லிட்டாருங்க என்று திலகவதி கையெடுத்துக் கும்பிடுகிறாள், தெரியும் டீச்சர் என்கிறான் ஜின்ஹோ, அந்தக் கதையில அவர் திரும்ப வரல, நான் வருவேன்.

தாய் தலையைத் தூக்குகிறாள், மூத்தவனைக் கையால் அமர்த்துகிறாள், எம்புள்ளையும் இதையேதாம்பா சொல்லிட்டு உங்க கம்பெனிக்குப் போனான்.

இதற்குப் பதில் சொல்ல எந்தக் கதையை வைத்து நடத்துவது, மொழிபெயர்க்க வேண்டுமோ என்று திலகவதி திரும்பிப் பார்க்கிறாள், வேண்டியிருக்கவில்லை, வாசற்படியில் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருக்கிறான் ஜின்ஹோ.