சண்முகநாதன் அண்ணையின் கையெழுத்து

2019ஆம் ஆண்டு முழுவதும், என் மனைவி என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்றே கனடாவில், எங்கள் ஸ்காபரோவில் பேச்சு. நான் அதை மறுக்கவில்லை. மறுக்க முடியாதபடி அவள்தான், துஷானிதான், என் வாயைக் கட்டிப்போட்டிருந்தாள்.

நடந்தது இதுதான். துஷானிக்கு சீனாவில், குன்மிங் என்ற நகரத்தில், ஒரு சர்வதேசப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கும் வேலை கிடைத்தது. நானும் கூடவே போனேன். சனிக்கிழமைகளில் அங்கேயிருந்த குழந்தைகள் இல்லமொன்றுக்குத் தொண்டு வேலைக்குப் போவோம். அங்கேதான் சியாவ்மானைக் கண்டோம். மூன்று வயது. மேலுதட்டில் தையல் போட்ட தழும்பு. அவளைத் தெருவில் கண்டெடுத்த நாள், சீன நாட்காட்டியில் கோதுமை மணி பால் பிடிக்கத் தொடங்கும் நாளாம். அந்த நாளின் பெயரையே அவளுக்கு வைத்துவிட்டார்கள். முதல் நாளே தன் செருப்பு ஒன்றைக் கழற்றி துஷானியின் கைப்பைக்குள் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலப் போய்விட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வேறு கதை இல்லை.

தத்தெடுப்பதற்கு இரண்டு நாட்டிலும் பத்திரம் வேண்டும். ஒன்ராறியோவில் வீடும் வேலையும் இருக்க வேண்டும். பிறம்ரனில் நான் மேற்பார்வையாளராக இருந்த பண்டகசாலையில், ஒரு வருடத்துக்கு மேல் லீவு தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே நான் ஸ்காபரோவில் எங்கள் மோர்னிங்சைட் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். அவள் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

புறப்படும்போது விமான நிலையத்தில் என் சேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"பிள்ளை கையில வருமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது. இனியும் எனக்கு ஆக்களின்ர இரக்கம் வேண்டாம்."

இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போனபோது வந்த இரக்கத்தை நானும் பார்த்தவன்தான். பழங்களோடு வந்து கதிரையில் இருந்து அழுதவர்களுக்குத் துஷானிதான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். அதனால் சரி என்றேன். அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

தினமும் காலை ஏழு மணிக்கு அவளோடு வீடியோவில் கதைப்பேன். அங்கே மாலை ஏழு மணி. பதினேழாவது மாடியில் அவளுடைய குசினி. சந்தையில் மரக்கறி விற்கும் பெண்கள் அவளுடைய தலைமயிரைத் தொட்டுப் பார்த்து, நீ இந்தியாவா என்று கேட்பார்களாம். இல்லை என்றால் இன்னும் சந்தோசமாகி, கொத்தமல்லிக்கட்டு ஒன்றைச் சும்மா தருவார்களாம். லிஃப்ற்றில் சந்திக்கும் பக்கத்து வீட்டு அம்மா, பச்சைத் தண்ணீர் குடித்தால் வயிறு கெட்டுவிடும் என்று நாள் தவறாமல் ஏசுவாளாம். பொழுதுபட்டால் கீழே முற்றத்தில் ஐம்பது பெண்கள் வரிசையாக நின்று பாட்டுக்கு ஆடுவார்கள். தனியே வீட்டில் இருக்க முடியாத நாட்களில் துஷானியும் இறங்கிப்போய்க் கடைசி வரிசையில் நின்று ஆடுவாள். ஆடத் தெரியாது. அவள் ஆடுவதை நினைத்துக்கொண்டு நான் காரைக் கிளப்பி வேலைக்குப் போவேன்.

நான் தனியாக இருந்தேன். இதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அரைக் கோப்பை அரிசி போட்டால் குக்கரில் அடிப்பிடிக்கிறது, ஒரு கோப்பை போட்டால் மூன்று நேரமும் அதையே தின்ன வேண்டியிருக்கிறது. கலியாண வீடுகளுக்குப் போனால் சனம் என்னைச் செத்தவீட்டுக்காரனைப்போலப் பார்த்தது. குணவதி அன்ரி என் தட்டில் நாலாவது வடையை வைத்துவிட்டு, "தம்பி, இப்ப வீட்டில சமையல் ஆர்?" என்று கேட்டுக் கண்ணைத் துடைத்தார். மகேஸ்வரன் ஒரு படி மேலே போய், விவாகரத்து வழக்குகளில் புலியான ஒரு சட்டத்தரணியின் அட்டையை என் சட்டைப்பைக்குள் செருகிவிட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த அட்டையை அவன் வாயில் திணித்திருப்பேன். வாக்குக் கொடுத்திருந்தேனே, பேசாமல் இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அழைப்பிதழ்களும் குறைந்தன. மனைவி இல்லாத மனுசனை எந்த மேசையில் இருத்துவது என்று அவர்களுக்கும் தெரியவில்லைப் போலும்.

அந்த நேரத்தில்தான் லோறா மூன்று நற்சான்றுக் கடிதங்கள் கேட்டார். லோறா எங்கள் தத்தெடுப்புக் கோப்பைப் பார்த்த சோஷல் வேர்க்கர். நேர்மையான பெண். வீட்டுக்கு வந்து படிகளை அளந்தார், மருந்து அலுமாரிக்குப் பூட்டுப் போடச் சொன்னார். இரண்டு கடிதங்கள் துஷானியின் பழைய பாடசாலை ஆசிரியைகளிடமிருந்து வந்துவிட்டன. மூன்றாவது, என்னை நீண்ட காலமாகத் தெரிந்த, உறவினர் அல்லாத ஒருவரிடமிருந்து வர வேண்டும்.

எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆள். சண்முகநாதன் அண்ணை. 94இல் நான் வந்து இறங்கியபோது, ஏழு பேர் இருந்த பேஸ்மென்ரில் தன் மெத்தையில் பாதியைத் தந்தவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இருபது வருடம் ரக்சி ஓடியவர். அவரைத் தவிர வேறு யாரையும் கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.

நானே கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதினேன். நம்மாட்கள் எல்லோரும் செய்வதுதான். அஜின்கோர்ட்டில் மரக்கறிக் கடையின் கார் தரிப்பிடத்தில் அண்ணையைப் பிடித்து, பேப்பரை அவருடைய வான் வண்டியின் பொனெற்றில் வைத்தேன்.

"என்ன பேப்பரடா?"

"ஒரு சின்ன அலுவல் அண்ணை. என்னைத் தெரியும் எண்டு எழுதியிருக்கு. பிறகு ஆறுதலாச் சொல்லுறன்."

"உன்னைத் தெரியும் எண்டதுக்கு என்னத்துக்குப் பேப்பர்?" என்று சிரித்தார். ஒரு வரி வாசிக்கவில்லை. கையெழுத்து வைத்துவிட்டு, வாங்கிய முருங்கைக்காயில் பாதியை என் கையில் தந்துவிட்டுப் போனார்.

ஒக்ரோபரில் ஒரு நாள் மதியம் லோறா அழைத்தார். குரல் மாறியிருந்தது. கடிதத்தில் கையெழுத்து வைத்தவரோடு இப்போதுதான் தொலைபேசியில் கதைத்தாராம். என் பெயரைச் சொன்னதும், கோணேஸ்வரன் என்று ஒருவரைத் தனக்குத் தெரியாது, எந்தக் கடிதத்திலும் தான் கையெழுத்து வைக்கவில்லை என்று அவர் சொன்னாராம். கோப்பை நிறுத்துவதைத் தவிரத் தனக்கு வழியில்லை என்றார் லோறா.

பண்டகசாலையில் நின்றபடியே கேட்டேன். ஷிஃப்ற் முடியும்வரை காத்திருக்காமல் நேரே அண்ணை வீட்டுக்குப் போனேன். அவர் கதவைத் திறந்ததும் என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"டேய், உன்னைப் பற்றி ஒரு வெள்ளைக்காரி ஃபோன் எடுத்துக் கேட்டவள். பயப்பிடாத. ஒண்டும் சொல்லேல்லை."

"என்ன கேட்டவள் அண்ணை?"

"குடிப்பானோ, கோவக்காரனோ, பெண்சாதியோட எப்பிடி எண்டு. துஷானி விட்டிட்டுப் போட்டாள் எண்டு ஊரே கதைக்குது. உன்னில கேஸ் போட்டிட்டாங்கள் எண்டு எனக்கு விளங்கீற்றுது. உன்னைத் தெரியவே தெரியாது எண்டிட்டன். அந்தக் கையெழுத்தும் என்ரை இல்லை எண்டிட்டன்." முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

நான் படியில் இருந்துவிட்டேன். கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் யாரைப் பார்த்துக் கத்துவது? பேஸ்மென்ரில் அவர் எங்களுக்கு முதலில் படிப்பித்த ஆங்கிலமே 'ஐ டோன்ற் நோ' தான். போர்க்காலத்தில் ஊரில் ஒரு காலையில், ஆமியோடு முகமூடி போட்டு நின்ற ஒருவன், இவனைத் தெரியும் என்று தலையாட்டியதால் அவருடைய தம்பியைக் கொண்டுபோனார்கள். தம்பி திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு, யாரையும் தெரியும் என்று ஒரு அதிகாரிக்கும் அண்ணை சொன்னது கிடையாது. அவருக்குத் தெரிந்த அன்பு அது. விஷயத்தைச் சொல்லாமல் கையெழுத்து வாங்கிய மடையன் நான்.

எல்லாவற்றையும் சொன்னேன். குன்மிங், இல்லம், சியாவ்மான், கைப்பைக்குள் விழுந்த செருப்பு. ஃபோனில் படத்தைக் காட்டினேன். அண்ணை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார்.

"இதை முதலே சொல்லியிருக்கலாமேடா" என்றார். "நான் ஆருக்குச் சொல்லப்போறன்?"

அடுத்த நாளே லோறாவின் அலுவலகத்துக்கு வந்தார். கோட்டும் ரையும் போட்டிருந்தார். தெரிந்தவரை ஏன் தெரியாது என்று சொன்னீர்கள் என்று லோறா கேட்டார். அண்ணை ஆங்கிலத்தில் தொடங்கி, வராமல், என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. தெரியாத ஆள் எண்டா நான் தெரிஞ்சதெல்லாம் சொல்லியிருப்பன். இவன் என்ர ஆள். அதாலதான் தெரியாது எண்டனான்."

நான் மொழிபெயர்த்தேன். லோறா பேனாவை மேசையில் வைத்தார். நம்புகிறேன் என்றார். ஆனால் கோப்பில் பொய்க் கையெழுத்து என்று ஒரு வரி விழுந்துவிட்டது. மேலதிகாரி பார்க்க வேண்டும், புதிய கடிதம் வேண்டும், பொலிஸ் பத்திரம் திரும்ப எடுக்க வேண்டும். எல்லாம் முடிய ஒன்பது கிழமை ஆனது.

துஷானிக்கு நான் சொன்னது: "ஓஃபிஸில பேப்பர் சுணங்குது. அண்ணைக்கு மட்டும் விஷயத்தைச் சொல்லிப்போட்டன். அவர் ஓஃபிஸுக்கே வந்து எங்களுக்காகக் கதைச்சவர்." இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அண்ணைக்குச் சொன்னதற்காக அவள் கோபிக்கவும் இல்லை. "அவர் பரவாயில்லை" என்றாள்.

எங்களோடு ஒரே கிழமையில் பத்திரம் கொடுத்த ஒட்டாவாத் தம்பதி ஒன்று இருந்தது. அவர்கள் ஜனவரி பத்தாம் திகதி மகனோடு வந்து இறங்கினார்கள். எங்களுக்குத் தந்த திகதி மார்ச் பதின்மூன்று. இடையில் எத்தனை கிழமை என்று எண்ணிப் பாருங்கள். நான் பல தடவை எண்ணியிருக்கிறேன். ஜனவரி முடிவதற்குள் கொரோனா நோய் வந்துவிட்டது. மார்ச்சில் விமானமும் இல்லை, விசாவும் இல்லை.

துஷானி வரவில்லை. வெளியே வந்தால் திரும்ப உள்ளே போக முடியாது, பிள்ளை அங்கே இருக்கிறாள் என்றாள். இல்லத்தின் வாசலைப் பூட்டிவிட்டார்கள். சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய், எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று மூன்றாம் மாடி யன்னலைப் பார்த்துக் கையசைத்துவிட்டு வருவாள். சில நாள் யன்னலில் ஒரு கை அசையும். அது யாருடைய கை என்று அவளுக்குத் தெரியாது. நான் இங்கே காலை ஏழு மணிக்கு ஃபோனைப் பிடித்துக்கொண்டு, அடுத்த மாதம் திறப்பார்கள் என்று சொல்வேன். இப்படி நாலு வருடத்துக்கு மேல்.

ஒரு நாள் அண்ணை கேட்டார்: "என்னால ஏதும் பிசகிட்டுதோடா?"

"சும்மா இருங்கோ அண்ணை. எல்லாம் நோயால வந்தது" என்றேன். அவர் நம்பினார். நம்ப விரும்பினார் என்று நினைக்கிறேன். அன்றிலிருந்து எனக்கு இதைப் பற்றிக் கதைக்க உலகத்தில் ஒருவரும் இல்லாமல் போனார்கள். துஷானிக்குச் சொன்னால் அண்ணையை மன்னிக்கமாட்டாள். அண்ணைக்குச் சொன்னால் அவர் உயிரோடு இருக்கமாட்டார். தனிமை என்றால் வெறும் வீடு என்று முதல் வருடம் நினைத்திருந்தேன். அது ஒன்றுமேயில்லை.

2024 செப்ரெம்பரில், இனி வெளிநாட்டவர்களுக்குப் பிள்ளைகளைத் தத்துக் கொடுப்பதில்லை என்று சீனா அறிவித்துவிட்டது. கடைசியாக ஒரு முறை பார்க்க விட்டார்கள். சியாவ்மானுக்கு ஒன்பது வயது. உயர்ந்துவிட்டாளாம். துஷானியைப் பார்த்து மரியாதையாகக் குனிந்து, 'லாவ்ஷி' என்றாளாம். ஆசிரியை என்று அர்த்தம்.

நவம்பரில் துஷானி வந்தாள். என் கார் போதும் என்று சொல்லியும் கேளாமல், அண்ணை தன் வானைக் கொண்டுவந்தார். இரண்டு பெட்டிகளோடு வெளியே வந்த துஷானியின் முன்மயிர் முழுவதும் நரைத்திருந்தது. என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் முன்னால் அண்ணைக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் பின்னால் இருந்தாள். நானூற்றியொன்றாம் நெடுஞ்சாலையில் மாலை நெரிசல். மக்கோவன் எக்ஸிற்றைத் தாண்டும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அண்ணை, உங்களுக்கு ஒண்டு நேரில சொல்ல வேணும் எண்டு அஞ்சு வருஷமா நினைச்சிருந்தனான்."

"சொல்லம்மா."

"ஆரோ ஓஃபிஸ்காரர் செய்த வேலையால எங்கட ஃபைல் ஒன்பது கிழமை கிடந்தது. அது மட்டும் கிடக்காட்டி பிள்ளை இண்டைக்கு என்ர மடியில இருந்திருக்கும். ஜனவரி பத்தில வந்திருப்பம். அவங்களை நான் சாகுமட்டும் மன்னிக்கமாட்டன். ஆனா அந்த நேரம் எங்களைத் தெரியும் எண்டு சொல்லிக் கையெழுத்து வைச்சுத் தந்தது நீங்கள் ஒராள்தான். அதை நான் மறக்கமாட்டன்."

அண்ணை என் பக்கம் ஒரு தரம் பார்த்தார். ஒரே ஒரு தரம்தான். நான் இல்லை என்று தலையாட்டியிருக்கலாம், ஏதாவது சொல்லிக் கதையை மாற்றியிருக்கலாம். என்னால் முடியவில்லை.

மோர்னிங்சைட் எக்ஸிற் வந்தது. அண்ணை அதைக் கடந்து போனார். அடுத்ததையும் கடந்தார்.

"அண்ணை, வீடு தாண்டியிட்டுது" என்றாள் துஷானி.

அவர் கேட்டதாகத் தெரியவில்லை. இரண்டு கையாலும் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி, வீதியைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தார். துஷானி, தனக்காகத்தான் அவர் அழுகிறார் என்று நினைத்து, பின்னாலிருந்து அவருடைய தோளில் கை வைத்தாள். "அழாதேங்கோ அண்ணை, நீங்கள் என்ன செய்வியள்" என்றாள். பிக்கறிங் வரும்வரை அந்தக் கையை அவள் எடுக்கவில்லை.