நஹம் என்னும் வினைச்சொல்

கீழ்வீட்டு எல்கானா வாழ்நாளெல்லாம் எபிரேய இலக்கணம் கற்றுக்கொடுத்தவர். மனைவி ரெஹூமாவைப் புதைத்துவிட்டு வந்ததும் சோபா மெத்தையைத் தரையில் போட்டு உட்கார்ந்தார். எருசலேமில் எங்கள் யூத வழக்கம் அது. ஏழு நாள் துக்கக்காரர் தரையில், வந்தவர்கள் நாற்காலியில். துக்கக்காரர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக் கூடாது.

இவர் வாய் திறந்தார், அதுதான் வம்பாகிப் போனது. ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கெல்லாம் ‘நஹம்’ என்ற வினைச்சொல்லைப் பாடம் நடத்தினார்.

“வேர் ஒண்ணுதான். ஒரு அச்சுல போட்டா இன்னொருத்தரைத் தேத்துறது. இன்னொரு அச்சுல போட்டா மனசு மாறுறது. வேதத்துல மனுஷனைப் படைச்சதுக்குக் கடவுள் வருத்தப்பட்டார்ல, அங்கயும் இதே சொல்லு. அம்மா செத்தப்புறம் ஈசாக்கு மனசு தேறினான்ல, அங்கயும் இதே சொல்லு, இதே அச்சு. வருத்தமா, ஆறுதலான்னு பக்கத்துச் சொல்லைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்.”

நான் மேல்வீட்டு ஃபோர்ட்டுனா. பருப்பும் அவித்த முட்டையும் கொண்டுபோன என்னையும் விடவில்லை.

“முதல்ல தின்னுங்க. கடவுள் அப்புறமா வருத்தப்படட்டும்,” என்றேன்.

மனிதர் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. வந்தவர்கள் மெல்லக் கழன்றுகொண்டார்கள். வார நடுவில் கதவு திறந்தே கிடந்தது, ஆள்தான் இல்லை. காலி நாற்காலிகளுக்கு நடுவே அவர் மட்டும் தரையில். பெற்ற பிள்ளை யோத்தாம் ஹைஃபாவில் இருக்கிறான். வண்டி தொடக் கூடாத ஓய்வுநாளில் கார் ஓட்டினான் என்று, “இனி இங்க கால் வைக்காதே” என்று விரட்டியவர் இவரேதான். பாவம், ரெஹூமாதான் பஸ் ஏறிப் போய் அவனைப் பார்த்துவருவாள்.

கடைசிக்கு முந்தைய நாள் மாலை, நான் அங்கே இருந்தபோது யோத்தாம் வந்தான். சுவரோர நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். வழக்கப்படி வாய் திறக்கவில்லை. இவரும் திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் நடத்திய பாடம் எங்கே போயிற்றோ! இப்போது இவர் பேசாவிட்டால் பையன் எழுந்து போய்விடுவான், அப்புறம் செத்தாலும் வரமாட்டான். பேசித் தொலையேன் கிழவா என்று கத்தத் தோன்றியது. நானும் வந்தவள்தானே, நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வெகுநேரம் கழித்து யோத்தாம் எழுந்தான். கோட்டு விலகியது. உள்ளே சட்டைக் கழுத்து கிழிந்திருந்தது. பெற்றவர் செத்தால் பிள்ளைகள் சட்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டும். அடக்கத்தில் நான் அவனைப் பார்க்கவில்லை. எங்கேயோ தனியாக நின்று கிழித்திருக்கிறான்.

எல்கானா அதையே பார்த்தார்.

“அது வந்தவங்க நாற்காலிடா,” என்றார். “அங்க உனக்கென்ன வேலை?”

“நான் இங்க யாருன்னு எனக்குத் தெரியலப்பா.”

கிழவர் கையை ஊன்றி மெத்தையில் நகர்ந்து இடம் விட்டார்.

“செத்தது உங்கம்மா. கீழ உக்காரு.”

அவன் உட்கார்ந்தான். அதற்குப் பிறகுதான் எல்கானா அழுதார்.